உள்ளே வைத்தது யார்?

"லேப்டாப்பில் கடிதம் கிடைத்ததே, அப்புறம் என்ன?" என்பவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: அதை உள்ளே வைத்தது யார்?

பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினிப் பதிவை அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021இல் வந்த அதன் அறிக்கைப்படி, 2016 ஜூன் 13 அன்று மின்னஞ்சல் வழியே 'நெட்வயர்' என்ற வேவு மென்பொருள் புகுந்தது. 22 மாதங்கள் உள்ளேயே இருந்தது. மறைக்கப்பட்ட ஃபோல்டரில் கடிதங்கள் திணிக்கப்பட்டன. அவர் அவற்றைத் திறந்ததற்குத் தடயமே இல்லை.

திருச்சி மண்ணின் ஸ்டான் சாமியின் கணினி 2019 ஜூன் 12 அன்று பறிமுதலானது. அதற்கு முந்தைய இரவே ஊடுருவியவர் தன் தடயங்களை அழிக்க முயன்றார் என்கிறது ஆர்சனல். விடிந்தால் போலீஸ் வரும் என்று அவருக்குச் சொன்னது யார்? ஆர்சனலின் முடிவுகளை என்.ஐ.ஏ. ஏற்கவில்லை. சாமியோ பிணை கிடைக்காமலே 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று இறந்தார்.

தோழர்களே, இது எங்கோ புனேயில் நடந்த கதையல்ல. ஊத்துக்கோட்டையின் பட்டா மனுவும் வன்கொடுமைப் புகாரும், கும்மிடிப்பூண்டி ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளக் கணக்கும் இன்று நம் லேப்டாப்பில்தான் இருக்கின்றன.

கணினியைப் பறிமுதல் செய்ய வந்தால், அங்கேயே ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு மகஜரில் எழுதச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழிலும் ஹேஷ் எண் வேண்டும் என்கிறது பாரதிய சாட்சிய சட்டம் 2023. ஊடுருவல் சந்தேகம் வந்தால் இணையத்தைத் துண்டியுங்கள், ஆனால் ஃபார்மேட் செய்யாதீர்கள். வைரஸோடு சேர்ந்து நம் சாட்சியும் அழிந்துபோகும்.