உளிக்கு முன் களிமண்

சிற்பம் பழக ஆசை வந்தவர் முதலில் போய் நிற்பது உளிக் கடையில். வேண்டாத வேலை. கருங்கல்லின் பிடிவாதத்தை, மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாதியில் விட்ட பாறைகளே சொல்லும். ஒரு சில்லு தெறித்தால் தெறித்ததுதான். போன மூக்கு வராது. களிமண் அப்படியில்லை, எத்தனை தப்பையும் பொறுக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிசைந்த கைதானே நமக்கு! காற்றுக் குமிழி போகப் பிசையுங்கள். இரவில் ஈரத்துணி போர்த்துங்கள். மறந்தால் காலையில் காதோரம் விரிசல் விட்டிருக்கும். மண் வைத்த பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செய்யுங்கள். முகத்தையே பார்த்துக்கொண்டு நான் செய்த முதல் தலைக்குப் பின்மண்டையே இல்லை. கல்தான் வேண்டும் என்பவர்கள் மாக்கல் வாங்கலாம், கத்திக்கே வழிவிடும். தூசிக்கு மட்டும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.