பழைய ஸ்நேக், புதிய பெட்டி

2023 அக்டோபர் 24 அன்று ஜப்பானின் கொனாமி நிறுவனம் ‘மெட்டல் கியர் சாலிட்: மாஸ்டர் கலெக்‌ஷன் தொகுதி 1’ஐ வெளியிட்டது. அமெரிக்காவில் அப்போதைய விலை 59.99 டாலர். அன்றைக்கே ரசிகர்களிடையே தொடங்கிய சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. தொகுப்பில் இருந்த ‘சாலிட்’ வரிசையின் இரண்டாவது, மூன்றாவது கேம்கள் 2011-ல் வந்த எச்.டி. பதிப்பின் அதே 720 பிக்சல் உயரத்தில்தான் ஓடின. பெரிய 4கே டிவியில் அவை மங்கலாகத் தெரிந்தன. பிளேஸ்டேஷன் 5-ல் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடிய அதே கேம்கள் நின்டெண்டோ ஸ்விட்ச்சில் 30-ஆகச் சுருங்கின. கணினிப் பதிப்பிலோ திரைத் தெளிவை மாற்றிக்கொள்ளும் சாதாரண வசதிகூட முதல் நாளில் இல்லை. ரசிகர்கள்தான் மோட் என்னும் மாற்று நிரல் எழுதி அதைச் சரிக்கட்டினார்கள்.

காசு கொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சண்டையைக் கூர்ந்து கவனித்தால், ஒரே தொகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்மையில் வெவ்வேறு பொருட்களைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். ஒருவர் 1998-ல் தான் பார்த்ததை அப்படியே பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் இன்றைய கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க வேண்டும் என்கிறார். மூன்றாமவருக்கு இந்தத் தொடரே புதிது. எப்படியாவது ஆட முடிந்தால் போதும். மூவரையும் ஒரே பெட்டியால் திருப்திப்படுத்த முடியாது. ஏன் முடியாது என்பதற்கான காரணம் பிக்சல் கணக்கில் இல்லை.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1987-ல் எம்.எஸ்.எக்ஸ்2 என்ற வீட்டுக் கணினிக்கு வந்த ‘மெட்டல் கியர்’, 1990-ல் வந்த அதன் இரண்டாம் பாகம், 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’, 2001-ன் ‘சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’, 2004-ன் ‘ஸ்நேக் ஈட்டர்’. கூடவே நின்டெண்டோவின் பழைய கருவிக்கு வந்த இரண்டு கேம்கள், திரைக்கதைப் புத்தகங்கள். முதல் மூன்றும் எமுலேட்டர் வழியாக ஓடுகின்றன. அதாவது பழைய கருவியைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளின் மேல் பழைய கேம் அப்படியே ஓடுகிறது. அடுத்த இரண்டும் வேறு வகை. புளூபாயின்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 2011-ல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்காக மாற்றிக்கொடுத்த பிரதியிலிருந்து வந்தவை அவை. எமுலேட்டரில் ஓடும் கேமில் பழைய குறைகள் பத்திரமாக இருக்கும். மாற்றி எழுதிய கேமில் பழைய குறைகள் போய்ப் புதிய குறைகள் வந்திருக்கும். குறை சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதையாவது பிரித்துச் சொல்ல வேண்டாமா?

இந்தத் தொடர் கருவியோடு எவ்வளவு பின்னிப் பிணைந்தது என்பது அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கொனாமியில் சேர்ந்திருந்த இளைஞர் ஹிடியோ கோஜிமாவிடம் ஒரு போர் விளையாட்டு செய்யச் சொன்னார்கள். எம்.எஸ்.எக்ஸ்2-ஆல் ஒரே கிடைக்கோட்டில் சில நகரும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. நாலு எதிரிகள், இரண்டு தோட்டா என்றாலே படம் திணறும். சண்டை போட முடியாத கருவியில் போர் விளையாட்டு எப்படிச் செய்வது? எதிரியின் கண்ணில் படாமல் தப்புவதையே ஆட்டமாக்கினார் கோஜிமா. இன்று ‘ஸ்டெல்த்’ என்று ஒரு தனி வகையாக வளர்ந்து நிற்பதற்கு அந்தப் போதாமை ஒரு முக்கியமான காரணம்.

பிறகு வந்த கேம்களில் கருவியின் குறையைத் தாண்டி, கருவியையே கதைக்குள் இழுத்துவந்தார்கள். 1998-ன் கேமில் சைக்கோ மாண்டிஸ் என்று ஒரு வில்லன். மனதைப் படிக்கத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு, ஆடுபவரின் மெமரி கார்டில் வேறு எந்தக் கொனாமி கேம்கள் இருக்கின்றன என்று பார்த்து அதைப் பற்றிப் பேசுவான். அவனை அடிக்கவே முடியாது. நாம் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் அவனுக்குத் தெரிந்துவிடும். தீர்வு, கன்ட்ரோலர் வயரைப் பிடுங்கி இரண்டாவது துளையில் செருகுவது. டிவிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு வயரை மாற்றிய பையனுக்கு, தன் வீட்டு வரவேற்பறையே கதைக்குள் போய்விட்டது. இன்றைய கருவிகளில் மெமரி கார்டும் இல்லை, கன்ட்ரோலர் வயருக்கென்று எண்ணிட்ட துளைகளும் இல்லை. புதிய தொகுப்பில் அதே வேலையை ஒரு மெனுவுக்குள் போய்ச் செய்கிறோம். வேலை நடக்கிறது. ஆனால் அந்த மண்டியிடல் இல்லை.

அதே கேமில் மெரில் என்ற பெண்ணை ரேடியோவில் கூப்பிட வேண்டும். அலைவரிசை எண் எங்கே என்றால், சி.டி. உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். ஆடுபவர் கேமுக்குள் உறையைத் தேடித் தேடிக் களைத்துப் போவார். அது கையில் வைத்திருக்கும் நிஜமான பிளாஸ்டிக் உறை; பின்னால் அச்சிட்ட படத்தில் 140.15 என்று எண் இருக்கும். வாடகைக் கடையில் வெறும் தட்டை மட்டும் எடுத்துவந்தவர்கள் அன்றே மாட்டிக்கொண்டார்கள். பிறகு இணையத்தில் பதிவிறக்கி வாங்கியவர்களுக்கு உறையே கிடையாது. அந்த இடத்தில் எத்தனை பிக்சல் கூட்டினாலும் பயனில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பொத்தான்களின் கதை. இவ்வளவு சண்டையில் அதைப் பற்றிய பேச்சு குறைவு. பிளேஸ்டேஷன் 2-ன் கன்ட்ரோலரில் முகப்புப் பொத்தான்கள் எவ்வளவு அழுத்தமாக அமுக்கப்படுகின்றன என்பதை உணரும். ‘சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’யில் பொத்தானை அமுக்கினால் துப்பாக்கி குறிபார்க்கும். சட்டென்று விட்டால் சுடும். மெல்ல விட்டால் சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தும். சுட வேண்டாம் என்ற முடிவை விரலின் நிதானத்தால் எடுக்க வேண்டும். ‘ஸ்நேக் ஈட்டர்’ இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. எதிரியைப் பின்னாலிருந்து பிடிக்க வட்டப் பொத்தானை மெல்ல அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பதற்றத்தில் விரல் கொஞ்சம் இறுகினால் கதாநாயகன் ஸ்நேக் அவன் கழுத்தை அறுத்துவிடுவான். கொல்லும் எண்ணமே இல்லாமல் கொன்றுவிட்டு உறைந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். ஆடுபவரின் பயம் அப்படியே திரையில் ஒரு கொலையாக மாறியது. கொலையைத் தவிர்க்கச் சொல்லித் தூண்டும் ஒரு கேமில் இதைவிடக் கூர்மையான உத்தி உண்டா என்று தெரியவில்லை.

பிளேஸ்டேஷன் 3-ன் கன்ட்ரோலரில் அந்த உணர்வு இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-ல் இல்லை. பிளேஸ்டேஷன் 5-லும் ஸ்விட்ச்சிலும் இல்லை. அதனால் புதிய தொகுப்பில் அழுத்தத்தின் இடத்தை வேறு பொத்தான் சேர்க்கைகள் பிடித்துக்கொண்டன. தவறி நடந்த செயல் இப்போது தெரிந்தே தேர்ந்தெடுக்கும் செயலாகிவிட்டது. இதற்கு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அந்தப் பொத்தானை யாரும் இப்போது செய்வதில்லை. ஆனால் பழைய ஏட்டைப் பதிப்பிக்கிறவர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் சொல்வதுபோல, ‘மூலத்தில் இது இப்படி இருந்தது’ என்று எங்காவது சொல்ல வேண்டும். அத்தனை புத்தகங்களைத் தொகுப்பில் சேர்த்தவர்கள் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

மாறியவை இவை. அடியோடு காணாமல் போனவையும் உண்டு. ‘சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’யின் விரிவுபடுத்திய பதிப்பான ‘சப்ஸ்டன்ஸ்’ பிளேஸ்டேஷன் 2-ல் வந்தபோது அதில் ஸ்கேட்போர்டு ஓட்டும் ஒரு குட்டி விளையாட்டு இருந்தது. எச்.டி. பதிப்பில் இல்லை. ‘ஸ்நேக் ஈட்டரி’ல் சோனியின் ‘ஏப் எஸ்கேப்’ குரங்குகளைத் துரத்தும் பகுதி இருந்தது. குரங்குகள் வேறொருவருடையவை என்பதால் அதுவும் வரவில்லை. சிறையில் ஸ்நேக் தூங்கும்போது சேமித்துவிட்டுத் திரும்ப வந்தால் தொடங்கும் ஒரு கொடுங்கனவு ஆட்டமும் போயிற்று. 1998-ன் கேமை 2004-ல் கேம்கியூபுக்காகப் புதிதாகச் செய்த ‘த ட்வின் ஸ்நேக்ஸ்’ எந்தத் தொகுப்பிலும் இடம்பெறவில்லை.

உரிமம் என்பது ரசிகர்கள் நினைப்பதைவிடப் பெரிய முட்டுக்கட்டை. 2021 நவம்பரில் கொனாமி ‘சாலிட்’ வரிசையின் இரண்டாம், மூன்றாம் கேம்களை இணையக் கடைகளிலிருந்து தற்காலிகமாக எடுத்துவிட்டது. அவற்றில் பயன்படுத்திய வரலாற்று ஆவணப் படக்காட்சிகளின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததுதான் காரணம். கற்பனைக் கதைக்கு நடுவே நிஜ உலகின் கறுப்பு வெள்ளைக் காட்சிகளை வைப்பது கோஜிமாவின் பாணி. அந்தப் பாணியின் கடன் இருபது ஆண்டு கழித்து வசூலுக்கு வந்தது.

2008-ல் வந்த நான்காம் பாகமான ‘கன்ஸ் ஆஃப் த பேட்ரியாட்ஸ்’ இன்னொரு சிக்கல். பிளேஸ்டேஷன் 3-ன் ‘செல்’ செயலி, ஒரு முதன்மைக் கருவைச் சுற்றிப் பல துணைக் கருக்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் விசித்திரமான அமைப்பு. அதற்கென்றே எழுதப்பட்ட நிரலை வேறு கருவிக்குக் கொண்டுபோவது வீட்டையே பெயர்த்துக் கட்டுகிற வேலை. போதாததற்கு, ஸ்நேக்கின் கையில் ஆப்பிள் ஐபாட் இருக்கும், பாட்டுக் கேட்கலாம். நடுவில் ஓரிடத்தில் ஸ்நேக்கின் நண்பன் ஒட்டகான் தட்டை மாற்றச் சொல்லிவிட்டு, இது ப்ளூரே அல்லவா, மாற்ற வேண்டியதில்லை என்று தானே திருத்திக்கொள்வான். 1998-ன் கேம் இரண்டு சி.டி.யில் வந்ததை நினைத்துச் சிரிக்கவைக்கும் வசனம் அது. தட்டே இல்லாத கருவியில் ஆடும் பதினெட்டு வயதுக்காரருக்கு அது என்னவென்றே புரியாது. இதையெல்லாம் பார்த்தால், 2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த ‘லெகசி கலெக்‌ஷனில்’ மட்டும் அதுவரை இடம்பிடித்திருந்த இந்தக் கேம், 2023-ன் முதல் தொகுதியில் இல்லாதது வியப்பில்லை.

இத்தனை குறைகள் இருந்தும் தொகுப்புகள் வேண்டும் என்பதே என் கட்சி. காரணம் ஒன்றைச் சொல்கிறேன். 1990-ல் வந்த இரண்டாவது ‘மெட்டல் கியர்’ ஜப்பானைத் தாண்டவே இல்லை. வெளிநாட்டவர்களுக்குக் கிடைத்தது, கோஜிமாவின் கை படாமல் நின்டெண்டோ கருவிக்காகச் செய்யப்பட்ட ‘ஸ்நேக்ஸ் ரிவெஞ்ச்’ மட்டும்தான். உண்மையான இரண்டாம் பாகம் ஆங்கிலத்தில் முறையாகக் கிடைத்தது, ‘ஸ்நேக் ஈட்டர்’ விரிவுப் பதிப்பான ‘சப்சிஸ்டன்ஸ்’ தட்டில் அதைச் சேர்த்தபோதுதான். ஏறக்குறைய பதினாறு ஆண்டு கழித்து. 1998-ன் கேமில் உள்ள பல உத்திகள் அதற்கு எட்டு ஆண்டு முன்பே இதில் இருந்தவை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. மறுபதிப்பு இல்லாவிட்டால் அந்தத் தொடர்ச்சி ஜப்பானியச் சேகரிப்பாளர்களின் அலமாரியில்தான் இருந்திருக்கும். இப்போதைய தொகுப்பு உண்மையான இரண்டாம் பாகத்தையும் ‘ஸ்நேக்ஸ் ரிவெஞ்ச்’சையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளையையும் வீட்டுப் புகைப்படத்தில் நிற்கவைத்தது நல்ல முடிவு.

மற்ற கேம்களின் நிலைமை இதைவிட மோசம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துகாட்ட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நூலகம் தொலைவிலிருந்து காட்டக் கூடாது, கடையில் கிடைக்காது என்றால் எஞ்சுவது பழைய கருவியும் திருட்டுப் பிரதியும்தான். அந்த நிலையில் 720 பிக்சல் தொகுப்பு ஒன்று கடையில் கிடைப்பது சின்ன விஷயமில்லை. அதற்காக அரைகுறை வேலைக்கு முழு விலை வாங்குவதை மன்னித்துவிட வேண்டும் என்றும் சொல்லவில்லை.

2025 ஆகஸ்ட் 28-ல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் டெல்டா’வை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது ‘ஸ்நேக் ஈட்டர்’ கேமை அன்ரியல் என்ஜின் 5-ல் புதிதாகக் கட்டிய ரீமேக். பழைய குரல் பதிவுகளையே வைத்துக்கொண்டார்கள்; கதையில் கை வைக்கவில்லை. காணாமல்போன அந்தக் கொடுங்கனவு ஆட்டம்கூட இதில் திரும்பி வந்தது. ஆனால் காட்டின் ஒவ்வொரு இலையும் இன்றைய கைகள் வரைந்தவை. பார்க்க அழகு. அதை ஆடிவிட்டு மூலத்தை ஆடிவிட்டோம் என்று எண்ணிக்கொள்வதுதான் தவறு.

புதிதாக நுழைகிறவர் எங்கே தொடங்குவது என்ற கேள்வி மீதமிருக்கிறது. கதைக் காலப்படி பார்த்தால் 1964-ல் நடக்கும் ‘ஸ்நேக் ஈட்டர்’தான் முதல். அந்த வரிசையில் ஆடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் வெளிவந்த வரிசையையே சொல்வேன். ‘சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’ முழுவதும் 1998-ன் கேமை வேண்டுமென்றே திரும்ப நடித்துக்காட்டுகிறது. மூலத்தை ஆடாதவருக்கு அந்த வஞ்சகம் உறைக்காது. எம்.எஸ்.எக்ஸ்2 கேம்கள் இரண்டும் பொறுமையைச் சோதிக்கும். 1998-ன் கேமில் தொடங்கி, பிடித்துப்போன பிறகு அவற்றுக்குத் திரும்பலாம். மாண்டிஸ் அறைக்குப் போகுமுன் மெனுவில் கன்ட்ரோலர் மாற்றும் இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்நேக் ஈட்டரு’க்கு வரும்போது கழுத்தைப் பிடிப்பதற்கும் அறுப்பதற்கும் எந்தெந்தப் பொத்தான் என்பதை முதல் காவலாளியிடம் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.