வெளியே பளபளப்பு, உள்ளே விரிசல்

குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி, மும்பை டாக்ஸியாக ஓடிய காலத்தில் டிக்கியில் தண்ணீர் கேன் இருக்கும். அடிக்கடி பானெட் திறந்ததால் ரேடியேட்டர் ஹோஸின் நிலைமையும் டிரைவர் கண்ணில் பட்டது. 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸிகள் விடைபெற்றுவிட்டன. இன்றைய கார்கள் லேசில் சூடாவதில்லை. அதனாலேயே பலரும் பானெட்டைத் திறப்பதில்லை.

விளைவு, விடுமுறையில் தெரிகிறது. செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் காரிலேயே ஊருக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு முதல் சோதனை கண்டாலா மலையேற்றம். தாராவி 90 அடி சாலையில் ஊர்ந்து பழகிய என்ஜின், ஐந்து பேரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து, ஏசியும் ஓட, மேலே ஏற வேண்டும். கூலன்ட்டின் சூடும் அழுத்தமும் உச்சத்துக்குப் போகின்றன. நைந்த ஹோஸ் வெடிக்க வேறென்ன வேண்டும்? சில நூறு ரூபாய் ரப்பர் போனால் பரவாயில்லை. சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்தால் செலவு பல ஆயிரம்.

ஹோஸைக் கண்ணால் பார்த்து எடைபோடுவதுதான் பலர் செய்யும் தவறு. இரும்பு, அலுமினியம் என வெவ்வேறு உலோகங்களைத் தொட்டு ஓடும் கூலன்ட் லேசான மின்கலம்போல வேலை செய்கிறது. அந்த மின்னோட்டம் ரப்பரை உட்புறமிருந்து அரிக்கிறது. வெளியே புதுக்கருக்கு அப்படியே இருக்கும்.

எனவே விரல்தான் கருவி. என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில் பார்ப்பது உத்தமம். முதலில் மேல் ஹோஸ். கிளாம்ப்பை ஒட்டிய இரண்டு அங்குலத்தை விரல்களால் அழுத்தி, பிறகு நடுப்பகுதியை அழுத்த வேண்டும். முனை மட்டும் கொழகொழவென்றிருந்தால், அல்லது உள்ளே பிளவு தட்டுப்பட்டால், மாற்றிவிட வேண்டியதுதான். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பும். சூட்டில் வெந்தது விறைத்து வெடிக்கும். கிளாம்ப் ஓரத்தில் காய்ந்த கறை இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. குறையே தெரியாவிட்டாலும் நான்காண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் ஹோஸ் தயாரிப்பாளர்கள்.

மலைப்பாதையில் நீராவி கிளம்பினால் ஓரங்கட்டி என்ஜினை அணைப்பதே வழி. ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். வெப்பமானி முள்ளையும் முழுக்க நம்ப முடியாது. பல கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். முள் உள்ள கார்களிலும், கூலன்ட் மொத்தமும் கொட்டிப்போனால் சென்சார் வெறும் நீராவியில் தொங்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாவகாசமாகக் கீழே இறங்கக்கூடும்.