கண் சோதனை மலை ஏறட்டும்

பொகவந்தலாவைத் தோட்டங்களில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு கணக்கு உண்டு. எந்த மலை எந்த ஆண்டில் கவ்வாத்து வெட்டப்பட வேண்டும், எப்போது உரம் இடப்பட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை கொழுந்து எடுக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் தோட்டத்து ஆபீசில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். நாள் தவறினால் கேள்வி பிறக்கும். செடிக்கு உள்ள இந்த ஒழுங்கு, அச்செடிகளினிடையே நின்று கொழுந்து பறிக்கும் தாயினுடைய குழந்தையின் கண்களுக்கு உண்டா என்று நாம் கேட்கிறோம்.

கண் வைத்தியம் என்றதும் நம்மவர் நினைப்பது முதியோரின் கண்புரையையே. குழந்தைக்குக் கண் சோதனை எதற்கு, அதுதான் விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறதே என்பர் பலர். பார்வை என்பது பிறந்த அன்றே முழுமையாகக் கைவந்துவிடும் பொருள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மை வேறு. கண் காட்டுவதை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். அக்கல்வி பிள்ளைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளுக்குள் நடந்தாக வேண்டும். டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1960ஆம் ஆண்டுகளில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து ஆராய்ந்தனர். வாரங்கள் கழித்துத் திறந்தபோது, பழுதின்றி இருந்த அந்தக் கண் அனுப்பிய செய்தியை மூளை ஏற்கவில்லை. உரிய காலத்தில் வேலை பெறாத கண்ணின் இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. இவர்களுக்கு 1981இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டதற்கு இந்த ஆராய்ச்சியும் ஓர் அடிப்படை.

பூனைக்குட்டிக்கு நேர்ந்ததே மனிதக் குழந்தைக்கும் நேர்கிறது. ஒரு கண்ணின் பார்வை மங்கலாக இருந்தால், அல்லது ஒரு கண் விலகி நின்றால், மூளை அக்கண்ணைக் கைவிடுகிறது. 'சோம்பற்கண்' என்று வைத்தியர்கள் சொல்வது இதனையே. நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இது வருகிறது. ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி கொடுத்தும், நல்ல கண்ணை நாளொன்றுக்குச் சில மணி நேரம் மூடிவைத்தும் பெரும்பாலும் சீராக்கலாம். வயது ஏற ஏறப் பயன் குறையும். பிள்ளையோ ஒரு வார்த்தை முறையிடாது. தான் காணும் உலகமே எல்லோரும் காணும் உலகம் என்று அது நம்பியிருக்கும். கரும்பலகை தெரியாததை மறைக்கவில்லை, தெரியவேண்டும் என்பதையே அது அறியாது. 'மண்டு' என்ற பட்டமும் பின்வாங்கும் இடமும் அதற்குக் கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அப்பிள்ளை பாடசாலையை விட்டு விலகுகிறது. இடைவிலகல் என்று புள்ளிவிவரத்தில் ஏறும் எண்ணிக்கையில் எத்தனை பேர் கண்ணாடி இல்லாத பிள்ளைகள் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் இருக்கிறது. படித்தவர் வீடுகளிலும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின்னும் குழந்தையின் கண் ஓரமாகத் திரும்பி நின்றால் அது வைத்தியருக்குக் காட்ட வேண்டிய அடையாளமே. அதைவிட அவசரமானது கண்மணியில் தோன்றும் வெண்மை. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவந்தும் மற்றது வெளுத்தும் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். பிறவியிலேயே பார்வையை அடைக்கும் புரை, முதல் ஆறு எட்டு வாரங்களுக்குள் சத்திர சிகிச்சை பெற்றாலே நல்ல பார்வை கிட்டும். அல்லது அது விழித்திரையில் வளரும் புற்றுநோயாக இருக்கலாம். அங்கே பார்வை மட்டுமன்றி உயிரே பணயம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் நிலை தனியானது. அவர்களுடைய விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முற்றாக வளராத நிலையில் தாறுமாறாகப் படர்ந்து கண்ணைக் குருடாக்கக் கூடும். பிறந்த சில வாரங்களுக்குள் நிபுணர் ஒருவர் பார்த்தால் லேசர்ச் சிகிச்சையால் தடுக்கலாம். அந்தச் சில வாரங்கள் கடந்தால் தடுக்க முடியாது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிடத் தோட்டப்புறத்தில் மிகுதி என்பது அரசாங்கத்தின் சொந்த அளவீடுகள் கூறும் செய்தி. எடைக்குறைவு அனைத்தும் குறைமாதப் பிறப்பால் வருவதில்லை. எனினும் எந்த மலையில் அதிகக் கவனம் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூற வரவில்லை. குழந்தை பிறந்ததும் தாயின் கையில் ஒரு சுகாதாரப் பதிவேடு கொடுக்கப்படுகிறது. பாடசாலைகளில் முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் ஆண்டுகளில் வைத்திய பரிசோதனை நடத்தவும், இருநூறு பேருக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லா மாணவரையும் பார்க்கவும் விதி இருக்கிறது. விதி நல்ல விதியே. ஆனால் அது கண்ணைத் தொடும்போது பிள்ளைக்கு ஐந்தரை, ஆறு வயதாகிவிடுகிறது. பரிசோதனை ஒரு பருவம் தள்ளிப்போனால், கண்ணுக்குரிய காலமும் அதனோடு போய்விடும்.

குறை கண்டுபிடிக்கப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். கண் வைத்தியரிடம் காட்டுமாறு ஒரு கடிதம் லயன் காம்பராவுக்கு வந்து சேர்கிறது. அதன் பின்னரே தாயின் சோதனை தொடங்குகிறது. தோட்டத்திலிருந்து பொகவந்தலாவைப் பட்டினத்துக்கு இறங்கவேண்டும். அங்கிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு பஸ். பின் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ மற்றொரு பயணம். ஒரு நாள் பேர் போய்விடும். மறுபடி வரச் சொன்னால் மறுபடியும் ஒரு நாள் பேர். கண்ணாடி வாங்கினால் வளரும் பிள்ளைக்கு அது ஓரிரு ஆண்டில் மாற்றப்படவும் வேண்டும். கடிதம் சாமிப் படத்தின் பின்னால் செருகப்பட்டுக் கிடக்குமானால் அந்தத் தாயின்மீது குற்றம் சுமத்த யாருக்கு உரிமை உண்டு? நாட் சம்பளத்தில் வாழ்பவளை நோக்கி 'அறியாமை' என்று பேசுவது மாதச் சம்பளக்காரர்களின் வழக்கம்.

1948இல் குடியுரிமை இழந்த இம்மக்களின் கடைசிப் பகுதியினருக்கும் அதனைத் திருப்பித் தர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலம் நெடுகிலும் தோட்டத்து வைத்தியம் நிருவாகத்தின் பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டது. நிருவாகம் அதனைச் செலவுக் கணக்கில் எழுதியது. இன்று வாக்குச் சீட்டு கையில் இருக்கிறது. 2017 மே மாதத்தில் இந்திய உதவியுடன் கட்டிய 150 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியும் டிக்கோயாவில் திறக்கப்பட்டது. கட்டடங்கள் வந்த பிறகும் குழந்தையின் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கை மலைக்கு ஏறி வரவேண்டியிருக்கிறது.

ஏறி வர இயலாது என்று எவரும் சொல்ல வேண்டாம். தடுப்பூசி ஏறி வருகிறதே! 1941இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிறெக், தம்மிடம் கண்புரையோடு கொண்டுவரப்பட்ட குழந்தைகள் பலரின் தாய்மார் கர்ப்ப காலத்தில் ஜேர்மன் சின்னமுத்துக் கண்டவர்கள் என்பதைக் கவனித்துச் சொன்னார். குழந்தைகளின் கண்களைப் பார்க்கப் போய்க் கண்டறிந்த உண்மை அது. இலங்கை 1996இல் அந்நோய்க்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 2020இல் அந்நோய் இந்நாட்டில் ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் உறுதி கூறியது. தோட்டங்களை விலக்கிவிட்டு இந்த வெற்றி வந்திருக்க முடியாது. மழையிலும் பனியிலும் லயம் லயமாக ஏறி இறங்கிய மருத்துவ மாதர்களின் கால்களுக்கும் அதில் பங்குண்டு.

அதே வழியிலேயே கண் சோதனையையும் அனுப்பலாம் என்பதே நமது யோசனை. ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் சின்னமுத்துத் தடுப்பூசிக்குக் குழந்தை எப்படியும் கொண்டுவரப்படுகிறது. ஒப்தல்மொஸ்கோப் என்னும் கைக் கருவியால் கண்மணியின் சிவப்பொளியைப் பார்க்க அன்று சில நிமிடமே போதும். பிறந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகுமுன் ஒரு முறை, பின்னர் இவ்விரு நாட்களிலும் என்று விதி செய்தால் புதிதாகப் பயணம் எதுவும் வேண்டியதில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பகல் முழுதும் பிள்ளைமடுவத்திலேயே இருக்கின்றனர். எழுத்தறியாத பிள்ளைக்கென நான்கு திசையும் திரும்பிய ஆங்கில 'ஈ' எழுத்து அட்டை உண்டு. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. இரு கண்ணும் திறந்திருக்கச் சோதித்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, பாடசாலை ஆசிரியர்களுக்கே இந்த முதற் சோதனையைக் கற்றுக்கொடுத்து, குறையுள்ள பிள்ளைகளை மட்டும் வைத்தியரிடம் கொண்டுவரச் செய்கிறது. நம் மலைகளின் ஆசிரியர்களில் பலர் அதே லயன்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இது பாரமாக இராது.

இந்த நாடு கண்ணைப்பற்றி ஒன்றும் அறியாத நாடன்று. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண் தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண்கள் அனுப்பப்பட்டன. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இலங்கையர் இறந்தும் பார்வை கொடுத்திருக்கின்றனர். பெருமைக்குரிய செய்திதான். அவ்வளவு தூரம் கண்ணை அனுப்ப வல்ல நாட்டுக்குப் பொகவந்தலாவை தூரமாகிவிடலாமா?

மலையகத்தில் பிறந்து வைத்தியராகவும் ஆசிரியராகவும் உயர்ந்திருப்போர் ஆண்டில் இரண்டு நாளைத் தம் தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்குக் கொடுக்க முன்வரவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் வயல் செய்யும் நம் வாசகருக்கும் இது பிறர் காரியமல்ல. கமக்காரனின் பிள்ளைக்கும் கண் இதே கணக்கில்தான் வளர்கிறது, அங்கும் கிளினிக்கு நாளில் இதைக் கேட்டுப் பெறலாம்.

தொழிற்சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. கண் சோதனைக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்றைய பேர் முழுதாகப் போடப்படவேண்டும், பஸ் செலவும் கொடுபடவேண்டும். அடுத்த சம்பளப் பேச்சில் கம்பனிகளின் முன் வைக்கப்படும் கோரிக்கைகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். எந்தச் சங்கம் முதலில் வைத்தது என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.