முன்சக்கர பேரிங்: அரைகுறை வேலை வேண்டாம்

பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் பலர் என்ஜினுக்குக் காட்டும் அக்கறையை முன்சக்கரத்துக்குக் காட்டுவதில்லை. என்ஜின் ஆயிலை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுவார்கள். முன்சக்கரம் ஆடினாலோ, 'இந்தப் போகம் ஓடட்டும்' என்று விட்டுவிடுவார்கள். சத்தம் பெரிதான பிறகு பட்டறைக்குப் போய், கெட்டுப்போன ஒரு பேரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்புவார்கள். இது சிக்கனம் அல்ல. இரட்டைச் செலவுக்கே வழி.

முன்சக்கர ஹப்பில் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் உள்ளன. இவற்றின் உருளைகள் கூம்பு வடிவானவை. வண்டியின் பாரத்தையும், திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளலையும் இவையே தாங்குகின்றன. உருளைகள் கோத்த உள்வளையம் 'கோன்'. ஹப்பில் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும் வெளிவளையம் 'கப்'.

பேரிங் தேய்வதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. சேற்றுழவில் முன்சக்கரம் ஹப் வரை அமிழ்வதுண்டு. சீல் தேய்ந்திருந்தால் சேற்றுநீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுக்கும். உருளைகள் துருப்பிடித்துக் குழி விழும். சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றுவது, வரப்பில் நண்டு வளையை அடைக்காமல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போன்றது.

கப்பைக் கழற்றுவது சிரமம் என்பதால் கோனை மட்டும் மாற்றுவதும் உண்டு. குழி விழுந்த கப்பில் ஓடும் புதிய உருளைகளும் விரைவில் கெடும். ஆகவே அந்தச் சக்கரத்தின் இரு பேரிங்குகளையும், கப், சீல் உட்பட, ஒருசேர மாற்றுவதே முறை. செலவு கூடுமே என்று தோன்றலாம். ஆனால் பேரிங் உடைந்தால் ஸ்டப் ஆக்ஸிலும் ஹப்பும் சேர்ந்து வீணாகும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் சாலையில் போகும்போது சக்கரம் கழன்றால், நஷ்டம் பொருளோடு நிற்காது.

சோதிப்பது எளிது. சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி, அதனடியிலும் உறுதியான மரக்கட்டை வைக்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஸ்டப் ஆக்ஸிலும் சேர்ந்து ஆடினால் தேய்ந்திருப்பது புஷ்ஷாக இருக்கலாம். இது தெரியாமல் பேரிங் வாங்கிப் பணத்தை விரயம் செய்பவர்களும் உண்டு. சுற்றும்போது கரகரப்புக் கேட்டாலும், கழற்றிப் பார்க்கையில் உருளை நீலம் பாய்ந்திருந்தாலும் அது மாற்ற வேண்டிய பேரிங்கே.

பழைய பேரிங்கில் பொறித்துள்ள எண்ணைக் காட்டி, உறை பிரியாத புதியதை ரசீதுடன் வாங்க வேண்டும். ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே பேரிங்கைப் பூட்ட வேண்டும். உருளைகளின் இடுக்கில் கிரீஸ் ஏறும்படி உள்ளங்கையால் அழுத்தி நிரப்ப வேண்டும். வெளியே பூசினால் மட்டும் போதாது.

ஆட்டம் போக நட்டை ஒரேயடியாக இறுக்குவது மற்றொரு கெட்ட பழக்கம். இதனால் பேரிங் சூடேறிக் கருகும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிடிப்பு வந்ததும் சிறிது தளர்த்தி, புதிய ஸ்பிலிட் பின் போட வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும், ஆடவும் கூடாது. எவ்வளவு தளர்த்துவது என்பதற்கு அந்த டிராக்டரின் கையேடே வழிகாட்டி.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் கோடை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐ எதிர்பார்த்திருக்கும் டெல்டா விவசாயிகள், சித்திரையிலேயே இதை முடித்துவிடுவது நல்லது. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு பட்டறை வாசலில் காத்து நிற்கும் ஒவ்வொரு நாளும் நடவைத் தள்ளிப்போடும். பேரிங் மாற்றும்போது விவசாயி அருகில் இருந்து, கப்பும் சீலும் புதிதாகப் போடப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.