ஒளிரும் சாயமும் ஒளிராத சொல்லும்

என் தமையனார் மாரடைப்பால் மறைந்து ஓராண்டாகிறது. நோயுற்ற காலத்தே, நாடியின் படத்தைக் காட்டி மருத்துவர் உரைத்த பிறமொழிச் சொற்களுக்கெல்லாம் அவரும் தலையசைத்தார். அருகிருந்த யானும் தலையசைத்தேன். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியது பின்னரே, என் பழைய மாணாக்கரான விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் விளக்கினார். நாடிச்சுவரில் கொழுப்புப் படிய, அதனை விழுங்கும் காவற்கலங்கள் கொழுப்புத் துளிகளால் நிறைந்து நுரைக்கலங்களாகின்றன. அத்துளிகளைக் காட்டுதற்கு ஒளிரும் சாயங்கள் உள. அவற்றுள் ஒன்றாகிய 'நைல் சிவப்பு' இதற்கு ஏற்றதென 1985இல் ஆய்வாளர் வெளியிட்டனர். நீரில் அது மங்கிக் கிடக்கும். கொழுப்பைச் சேர்ந்தவுடன் சுடர்விடும். நுண்காட்டியில் நோக்குவார்க்கு ஒவ்வொரு துளியும் பொற்புள்ளியாய்த் தோன்றும்.

இவ்வொளிக்குத் தமிழ்ப் பெயர் யாது? நம் நாட்டார் 'புளோரொளிர்வு' என்பர். தமிழகத்தார் 'உடனொளிர்வு' என்பர். உலகப் பொதுச்சொல்லை ஒட்டியதே நன்று என்பாருமுளர். அப்பொதுச்சொல்லின் வரலாறு யாது? 1852இல் தோக்கிசு என்னும் அறிஞர், புளோரசுபார் என்ற கனிமத்தின் பெயரைக்கொண்டு அதனை ஆக்கினார். அது கல்லின் பெயரன்றி ஒளியின் இயல்பு கூறுவதன்று. 'உடனொளிர்வு' என்பதோ, ஒளி பட்டவுடன் ஒளிரும், நீங்கியவுடன் அணையும் என்று பொருளை உள்ளவாறே காட்டுகின்றது. சாயத்தின் பெயர் இடுகுறியாதலின் அவ்வாறே நிற்க. நிகழ்ச்சியின் பெயர் காரணப்பெயராதல் வேண்டும். உயர்கல்விக்குப் பிறமொழிச் சொல்லையும் மாணவர் கற்கட்டும். முதல் விளக்கம் தாய்மொழியில் அமைக.

குற்றம் மருத்துவர்மேல் மட்டுமன்று. நுண்காட்டியை ஒருகாலும் நோக்காது சொல்லாக்கப் புகும் எம்போன்ற பண்டிதர்மேலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் 1916இல் பண்டிதர். 1920இல் விஞ்ஞானப் பட்டதாரி. இரு கண்ணும் உடையாராதலின் கலைச்சொல்லாக்கத்திற்கும் தலைமை தாங்கினார்.

புளியந்தீவினின்று பாலங்கடந்தால் கல்லடியில் அவர் சமாதி உள்ளது. அங்கே மலரிடும் நாம், தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து, நோயாளிக்கு விளங்கும் நூறு சொற்களையேனும் ஆக்குவோமாக. இனியொரு தமையன் விளங்காது தலையசைத்தல் வேண்டா.