தலைவிதியா, சாலைவிதியா?

மாநாட்டிற்குச் சென்ற தோழன் பிணமாக ஊர் திரும்பினால், "அவன் தலைவிதி அவ்வளவுதான்" என்று கூறி ஆறுதல் தேடுகிறோம். பகுத்தறிவு பேசும் நம் நாவிலிருந்தா இச்சொல்? அவனை வீழ்த்தியது தலைவிதியன்று, மீறப்பட்ட சாலைவிதி!

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடெங்கும் மாண்டோரில் 100க்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றோர். ஆலைக்கும் சந்தைக்கும் விரைந்த உழைப்பாளிகளும் அவர்களில் உண்டு. தலைக்கவசம் அணியாமல் மாண்டோர் மட்டும் 50,029 பேர்!

100க்கு 71 சாவுகள் மிகுவேகத்தால் நேர்ந்தவை. வேகம் இருமடங்கானால், தடையை அழுத்திய பின்னும் வண்டி ஓடும் தொலைவு நான்கு மடங்காகும். இஃது இயற்கையின் சட்டம். வண்டியின் முகப்பில் பறக்கும் கொடியைக் கண்டு அது சலுகை காட்டாது.

"சாலையெல்லாம் குழி, நடப்போர்க்குப் பாதையில்லை; குற்றம் எங்களுடையதா?" என்று கேட்கலாம். உண்மைதான். நல்ல சாலை கேட்டுப் போராடுவோம்; நடைபாதை கேட்டு முழங்குவோம். ஆனால், தாமே ஒழுங்கை மீறுவோர் எழுப்பும் கோரிக்கையை எந்த அதிகாரி மதிப்பான்? நம் கட்டுப்பாடே நம் கோரிக்கைக்கு வலிவு.

ஆகவே, கிளைச் செயலாளர்களே, உங்கள் பொறுப்பு ஒன்றுண்டு. வேனின் கூரைமீது எவரையும் ஏற்றாதீர். சரக்கு வண்டியில் ஆட்களை அடைக்காதீர். ஒரே வண்டியில் மூவர் செல்வது வீரமன்று. நள்ளிரவு வரை கூட்டத்தில் விழித்திருந்த ஓட்டுநரை விடியுமுன் வண்டியெடுக்கச் சொல்லாதீர். உறங்கி எழுந்து புறப்படட்டும். குடித்தவன் கையில் சாவி கொடுப்பது கொலைக்கு உடந்தை. வழியில் அடிபட்டுக் கிடப்போர் எக்கட்சியினராயினும் தூக்கிச் செல்லுங்கள். நல்லெண்ணத்துடன் உதவுவோரைக் காக்க 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வழிசெய்திருக்கிறது.

திடலுக்கு எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணிப் பெருமை கொள்கிறோம். எத்தனை பேர் நலமாக வீடு சேர்ந்தனர் என்றும் எண்ணுவோம். அந்தக் கணக்கில் ஓர் ஆள் குறைந்தாலும், நாம் நடத்தியது வெற்றி மாநாடு ஆகாது.